பிரிட்டனில் மோட்டார் சைக்கிள்களின் தகுதிச் சோதனை

பிரிட்டனில் ஒரு மோட்டார் சைக்கிள் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டு மூன்று ஆண்டுகள் நிறைந்ததும், அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும், பொதுச்சாலையில் ஓடத் தகுந்த நிலையில் இருக்கிறதா என்ற சோதனைக்கு உட்பட்டாக வேண்டும் என்கிறது அந்நாட்டுச் சட்டம். எம்.ஓ.டி. என்ற மூன்றெழுத்தில் மக்கள் குறிப்பிடும் இந்தச் சோதனைக்கு, அதைத் தொடங்கிய போக்குவரத்து அமைச்சகத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே பெயராக நிலைத்துவிட்டன; அமைச்சகத்தின் பெயர் பிறகு பலமுறை மாறியபோதும் சோதனையின் பெயர் மாறவில்லை. காருக்கும் இதே சோதனை உண்டு என்றாலும், இரண்டு சக்கரங்களில் நின்று, சாய்ந்து ஓடும் ஒரு வாகனத்தைச் சோதிப்பதில் தனித்த நுட்பங்கள் இருக்கின்றன. அவற்றையும், பெரும்பாலான வண்டிகள் எந்தக் குறைகளால் தோற்றுத் திரும்புகின்றன என்பதையும் அறிந்துகொள்வது, எந்த நாட்டில் வண்டி ஓட்டுபவருக்கும் பயன்படும்.

1956ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அளித்த அதிகாரத்தின் அடிப்படையில், எர்னஸ்ட் மார்பிள்ஸ் போக்குவரத்து அமைச்சராக இருந்த 1960இல் இந்தச் சோதனை நடைமுறைக்கு வந்தது. அப்போது பத்து ஆண்டுகளைக் கடந்த வாகனங்கள் மட்டுமே சோதிக்கப்பட்டன. பிரேக், விளக்கு, ஸ்டியரிங் ஆகிய மூன்றுமே சோதனையில் அடங்கியிருந்தன. சோதனைக்கு வந்த பழைய வாகனங்களில் தோற்றவை அஞ்சத்தக்க அளவில் இருந்ததைக் கண்ட அரசு, அடுத்த ஆண்டே வயது வரம்பை ஏழு ஆண்டுகளாகவும், 1967இல் மூன்று ஆண்டுகளாகவும் குறைத்தது. 1968இல் டயரும் சோதனைப் பட்டியலில் சேர்ந்தது. மூன்று ஆண்டுகளை நான்காக உயர்த்தலாமா என்று அரசு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு, எதிர்ப்பு வலுத்ததால் 2018இல் அந்த எண்ணத்தைக் கைவிட்டது என்பதிலிருந்து, அறுபது ஆண்டுப் பழக்கத்துக்குப் பின் மக்களே இந்தக் கண்காணிப்பை விரும்பத் தொடங்கிவிட்டனர் என்று கொள்ளலாம்.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் சோதனையை நடத்துவோர் அரசு அலுவலர்கள் அல்லர். டி.வி.எஸ்.ஏ. எனப்படும் ஓட்டுநர் மற்றும் வாகனத் தர முகமையின் அங்கீகாரம் பெற்ற தனியார் பட்டறைகளில், பயிற்சி பெற்று அந்த முகமையின் தேர்வில் தேறிய சோதனையாளர்கள் அதை நடத்துகிறார்கள். நீலப் பலகையில் மூன்று வெள்ளை முக்கோணங்கள் இருந்தால் அது சோதனைப் பட்டறை என்று அறியலாம். (வட அயர்லாந்தில் மட்டும் அரசு நிலையங்களே இதைச் செய்கின்றன.) சோதனைக்கு வரும் வண்டிகள் வகைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன: முதல் வகை 200 சி.சி. வரையிலான மோட்டார் சைக்கிள்கள், இரண்டாம் வகை அதற்கு மேற்பட்டவை. பட்டறை வாங்கக்கூடிய கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு விதித்திருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு 29.65 பவுண்டு, பக்கவாட்டில் சைடுகார் பொருத்தியதற்கு 37.80 பவுண்டு. சோதிப்பவரே பழுதும் பார்ப்பவராக இருப்பதால், இல்லாத குறையைச் சொல்லிக் காசு பறிக்க மாட்டாரா என்ற ஐயம் இயல்பாக எழும். அதற்கு விடையாக, எந்த நிலையில் ஒரு பாகம் தோற்றதாகக் கருதப்படும் என்பதை வரிவரியாக விளக்கும் கையேட்டை அரசு எவரும் படிக்கும்படி வெளியிட்டிருக்கிறது. சோதனையாளரின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் வழி வைத்திருக்கிறது.

2018 மே 20 முதல் குறைகள் தரம் பிரித்துப் பதிவு செய்யப்படுகின்றன. சாலைப் பாதுகாப்புக்கு உடனடிக் கேடு விளைவிப்பது ஆபத்தான குறை. பாதுகாப்பைப் பாதிக்கக்கூடியது பெருங்குறை. இவ்விரண்டில் ஒன்று இருந்தாலும் வண்டி தோற்றதாகவே பொருள். சிறுகுறையும், இப்போதைக்குச் சரி, ஆனால் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற அறிவுரைக் குறிப்பும் வெற்றியைத் தடுப்பதில்லை. ஆபத்தான குறை கண்டறியப்பட்ட வண்டியைப் பழுது நீக்காமல் சாலையில் ஓட்டிச் செல்லவே கூடாது. செல்லத்தக்க சான்றிதழ் இல்லாமல் ஓட்டினால் 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கப்படலாம். முன்பதிவு செய்த சோதனைக்கோ பழுதுபார்க்கவோ கொண்டுசெல்லும் பயணத்துக்கு மட்டும் விலக்கு உண்டு.

மோட்டார் சைக்கிள்கள் தோற்பதற்கான காரணங்களில் ஆண்டுதோறும் முதலிடம் பிடிப்பது விளக்குகளும் சமிக்ஞைகளும்தாம். எஞ்சின் பழுதோ சட்டகத்தில் விரிசலோ முதலிடத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்கும் ஒருவருக்கு இது வியப்பளிக்கலாம். ஆனால் மோட்டார் சைக்கிளின் அமைப்பை எண்ணிப் பார்த்தால் வியப்புக்கு இடமில்லை. காரில் விளக்கின் கம்பிகள் உடற்கூட்டுக்குள் பாதுகாப்பாக இருக்கின்றன. இங்கோ மழையும் சேறும் நேராகப் படும் இடத்தில், ஓயாமல் அதிரும் சட்டகத்தோடு கட்டப்பட்டு, ஹேண்டில்பார் திரும்பும் ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிர்ந்து கொண்டிருக்கின்றன. பல்பின் இழை அதிர்வில் அறும், இணைப்பில் துரு ஏறும், இண்டிகேட்டரின் ரப்பர் தண்டு வெடிக்கும். இவற்றுள் மிகவும் ஏமாற்றக்கூடியது பிரேக் விளக்கு. 1986 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பின்போ பயன்பாட்டுக்கு வந்த வண்டியில், கைப்பிடி பிரேக்கை அழுத்தினாலும் கால் பிரேக்கை மிதித்தாலும் பின்னால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும் என்பது விதி. இரண்டுக்கும் தனித்தனிச் சுவிட்சுகள் இருப்பதால், ஒன்று செயலிழந்தாலும் மற்றொன்றால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஓட்டுபவரோ தம் பின்விளக்கைத் தாமே பார்க்க முடியாது. ஆகவே மாதக்கணக்கில் அந்தக் குறையுடனேயே ஓட்டி, சோதனைப் பட்டறையில்தான் அதை அறிகிறார். முன்பிரேக்கை மட்டும் பிடித்து வேகம் குறைக்கும் அந்த ஒரு நொடியில், பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காது என்பதை நினைத்தால், இந்தச் சிறு சுவிட்சுக்காக வண்டியைத் தோற்கடிப்பது கடுமை என்று எவரும் சொல்லமாட்டார்.

முகப்பு விளக்கு எரிந்தால் மட்டும் போதாது. ஒளிக்கற்றை எங்கே விழுகிறது என்பதும் ஒரு கருவியின் துணையால் அளக்கப்படுகிறது. பின்பக்க ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தை மாற்றினாலும், வேறு அளவு டயர் போட்டாலும், விளக்கைக் கழற்றி மாட்டும்போது கோணம் சற்றுப் பிசகினாலும் கற்றை மேலெழுந்து எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். தயாரிப்பாளர் பொருத்தாத அதிக ஒளி பல்புகளைப் பழைய விளக்குக் கூண்டில் செருகும்போது, கூண்டின் பிரதிபலிப்பான் அந்த ஒளிமூலத்துக்காக வடிவமைக்கப்படாததால் ஒளி சிதறுகிறது. ஓட்டுபவருக்கு வெளிச்சம் கூடியதுபோல் தோன்றும். எதிரே வருபவருக்குச் சாலையே மறைந்துபோகும். பகலில் மட்டும் ஓட்டுவதற்கென்று விளக்குகளே இல்லாத சில வண்டிகளும் பிரிட்டனில் உண்டு. அவை விளக்குச் சோதனையிலிருந்து விலக்குப் பெற்று, அந்த நிபந்தனை எழுதப்பட்ட குறிப்புடன் சான்றிதழ் பெறுகின்றன.

பிரேக்கைப் பொறுத்தவரை, கண்ணால் பார்க்கும் ஆய்வும் எண்ணால் அளக்கும் சோதனையும் சேர்ந்தே நடக்கின்றன. பிரேக்கின் திறன் என்பது, அது உண்டாக்கும் தடுப்பு விசையை வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்த எடையோடு ஒப்பிட்டு விழுக்காட்டில் சொல்லும் அளவாகும். இரண்டு பிரேக் கட்டுப்பாடுகளில் ஒன்று குறைந்தது 30 விழுக்காடும், மற்றொன்று குறைந்தது 25 விழுக்காடும் திறன் காட்ட வேண்டும். இந்த எண்களின் பொருள் சாலையில்தான் விளங்கும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டியை 30 விழுக்காடு திறனுள்ள ஒரே பிரேக்கால் நிறுத்தினால், பிரேக் பிடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 33 மீட்டர் தள்ளித்தான் அது நிற்கும். இரண்டு பிரேக்கும் சேர்ந்து 55 விழுக்காடு தந்தால் அந்தத் தொலைவு 18 மீட்டராகக் குறையும். ஆபத்தைக் கண்டு கை செயல்படுவதற்குள் கடந்துபோகும் தொலைவு இக்கணக்கில் சேரவில்லை. ஆக, சட்டம் கேட்பது மிகக் குறைந்தபட்ச அளவைத்தான். அதையும் எட்டாத பிரேக்கோடு ஒரு வண்டி வருகிறதென்றால், அது எத்தனை நாள் அப்படி ஓடிற்று என்ற கேள்வி கவலைக்குரியது.

பிரேக்கில் தோற்கும் வண்டிகளின் குறைகள் பெரும்பாலும் தேய்மானமும் பராமரிப்பின்மையும் ஆகும். டிஸ்க் பேடு அல்லது பிரேக் ஷூ தேய்ந்திருக்கும். டிஸ்க் தகடு மெலிந்தோ விரிசல் விட்டோ இருக்கும். எண்ணெய் செல்லும் ரப்பர் குழாய் வீங்கியோ வெடித்தோ இருக்கும். கைப்பிடியை முழுவதும் அழுத்தினால் ஹேண்டில்பாரில் வந்து முட்டும். இவற்றோடு, குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாடாகையால், காலிப்பர் எனப்படும் பிடிப்பானுக்குள் இருக்கும் பிஸ்டன் துருவேறி ஒட்டிக்கொள்வது அங்கே அடிக்கடி காணப்படும் குறை. ஒட்டிய பிஸ்டன் பிரேக்கைப் பிடிக்கவிடாமலும் செய்யும், பிடித்த பிரேக்கை விடாமலும் செய்யும். முதல் நிலையில் வண்டி நிற்காது. இரண்டாம் நிலையில் பேடு டிஸ்க்கில் உரசிக்கொண்டே சூடேறி, எண்ணெய் கொதித்து, தேவையான வேளையில் கைப்பிடி வெறுமையாகிப் போகும்.

டயரில் தரையைப் பற்றுவதற்கும் மழைநீரை வெளியேற்றுவதற்கும் வெட்டப்பட்டிருக்கும் வரிகளையே தமிழ்நாட்டுப் பட்டறைகளில் பட்டன் என்கிறார்கள். பிரிட்டனில் 50 சி.சி.க்கு மேற்பட்ட வண்டியின் டயரில், அதன் பட்டன் பரப்பின் அகலத்தில் நான்கில் மூன்று பங்கிலும் சுற்றளவு முழுவதிலும் குறைந்தது 1 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும், 50 சி.சி.க்கு உட்பட்டவற்றில் முதலில் வெட்டப்பட்ட வரிகள் அனைத்தும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால் போதும். நேர்ச்சாலையில் அதிகம் ஓடும் வண்டியின் டயர் நடுவில் மட்டும் தட்டையாகத் தேய்ந்து ஓரங்களில் புதிதுபோலவே இருக்கும் என்பதால், பக்கவாட்டில் நின்று பார்க்கும் உரிமையாளர் டயர் நன்றாக இருப்பதாகவே நம்புகிறார். அத்தகைய டயர் வளைவில் சாயும்போது தட்டையான நடுப்பகுதியிலிருந்து விளிம்பைத் தாண்டிச் சட்டென்று சரியும். உள்ளிருக்கும் நூலிழை வெளியே தெரியும் அளவுக்கு வெட்டுப்பட்ட டயரும், சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறிக்கு மாறாகப் பொருத்தப்பட்ட டயரும் தோல்விக்கு உரியவையே.

ஸ்டியரிங், சஸ்பென்ஷன், செயின் ஆகியவற்றின் ஆய்வில்தான் சோதனையாளரின் கைப்பழக்கம் வெளிப்படுகிறது. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பார்; ஆட்டம் இருந்தால், ஹேண்டில்பார் திரும்பும் அச்சில் உள்ள கோன் செட் என்ற பேரிங் தளர்ந்திருக்கிறது என்று பொருள். பிறகு ஹேண்டில்பாரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாகத் திருப்புவார்; நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல் சிக்கினால், அந்த பேரிங்கின் குண்டுகள் பல்லாயிரம் குழிகளின் இடியைத் தாங்கி, தாம் உருளும் வளையத்தில் தடம் பதித்துவிட்டன என்று அறியலாம். ஓடும் மோட்டார் சைக்கிள் நேராகச் செல்வது, ஓட்டுபவர் அறியாமலேயே ஹேண்டில்பார் நொடிக்கு நொடி நுண்ணளவில் திரும்பிச் சமன் செய்வதால்தான். சிக்கும் கோன் செட் அந்த நுண்ணசைவைத் தடுப்பதால் வண்டி ஊசலாடத் தொடங்குகிறது. வேகத்துக்குப் பழகியவர்கள் இந்த ஊசலாட்டத்தைச் சாலையின் மீதோ காற்றின் மீதோ பழி போட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஒரு குறை மற்றொன்றைப் பெற்றெடுப்பதையும் இங்கே காணலாம். ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் துருப்புள்ளிகள் தோன்றினால் அவை ஒவ்வொரு குலுக்கலிலும் ஆயில் சீலைக் கிழிக்கும். கிழிந்த சீல் வழியே கசியும் எண்ணெய் கீழே உள்ள டிஸ்க்கிலும் பேடிலும் படியும். சஸ்பென்ஷனில் தொடங்கிய குறை பிரேக்கில் வந்து முடியும். அதேபோல், செயினை இறுக்கும்போது இருபக்க நட்டுகளையும் ஒரே அளவில் திருப்பாவிட்டால் பின்சக்கரம் கோணலாக நிற்கும். முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கோட்டில் இல்லாத அந்த வண்டி ஒருபக்கமாக இழுப்பதோடு, செயினையும் ஸ்ப்ராக்கெட்டையும் டயரையும் சேர்த்தே தின்னும். செயின் அளவுக்கு மீறித் தொய்ந்திருந்தாலும் இறுகியிருந்தாலும், ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் செயின் வழுக்கும் அளவுக்குத் தேய்ந்திருந்தாலும் வண்டி தோற்கும்.

ஒலிக்காத ஹார்ன், தளர்ந்த கால்தாங்கி, எழுத்துகளின் இடைவெளியை மாற்றி அச்சிட்ட எண்பலகை போன்றவை தோல்விக் காரணங்களில் எளிதானவை. சைலன்சர் மட்டும் தனித்துச் சொல்லத்தக்கது. பந்தயக் களத்துக்கு மட்டும், சாலைப் பயன்பாட்டுக்கு அன்று என்பதுபோல முத்திரை பொறித்த சைலன்சர் பொருத்தியிருந்தால், அதன் ஒலி எப்படியிருந்தாலும் வண்டி தோற்கும். மற்றவற்றில், அதே வகை வண்டியின் இயல்பான சைலன்சரைவிட நியாயமற்ற அளவு இரைச்சல் எழுகிறதா என்பதைச் சோதனையாளர் தம் காதால் கேட்டே முடிவு செய்கிறார். இதில் கருவி பயன்படுத்தாதது இந்த முறையின் பலவீனம் என்றே சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிளின் புகையும் அங்கே அளக்கப்படுவதில்லை.

எஞ்சின், கிளட்ச், கியர் ஆகியவை எந்த நிலையில் உள்ளன என்பதும் சோதனைக்கு வெளியே நிற்கிறது. பக்கவாட்டு மூடிகளைக் கழற்றிப் பார்க்கும் கடமையும் சோதனையாளருக்கு இல்லை. ஆகவே சான்றிதழ் என்பது, அந்த நாளில், கண்ணுக்கும் கைக்கும் எட்டிய பகுதிகள் குறைந்தபட்சத் தரத்தில் இருந்தன என்பதற்கான சாட்சியம் மட்டுமே. இதை அறியாமல், கையில் சான்றிதழ் இருக்கிறது என்பதற்காக அடுத்த பதினோரு மாதங்களும் டயரைக் குனிந்து பார்க்காதவர்கள் சோதனையின் நோக்கத்தையே தவறவிடுகிறார்கள். பதிவெண்ணை உள்ளிட்டால் அந்த வண்டி எந்தெந்த ஆண்டில் எதற்காகத் தோற்றது, அப்போது எத்தனை மைல் ஓடியிருந்தது என்ற வரலாற்றை எவரும் இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம் என்பது, பழைய வண்டி வாங்குவோருக்கு இந்த அமைப்பு அளித்திருக்கும் பெரும் கொடை.

இத்தகைய சோதனை தேவைதானா என்ற எதிர்வாதம் ஐரோப்பாவில் வலுவாகவே ஒலிக்கிறது. 125 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களை 2022 முதல் காலமுறைச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் விதித்தது. வேறு பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யும் நாடுகளுக்கு விலக்கும் அளித்தது. பிரான்சில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் பல ஆண்டுகள் தெருவில் இறங்கிப் போராடியும், நீதிமன்றத் தலையீட்டுக்குப் பின் 2024 ஏப்ரல் 15 முதல் சோதனை கட்டாயமாயிற்று. எதிர்ப்போர் சுட்டுவது, ஐந்து ஐரோப்பிய நாடுகளில் 921 இருசக்கர வாகன விபத்துகளை ஆழ்ந்து ஆராய்ந்த மெய்ட்ஸ் என்ற ஆய்வை: அதில் வாகனத்தின் இயந்திரக் கோளாறு முதன்மைக் காரணமாக இருந்த விபத்துகள் ஒரு விழுக்காட்டையும் எட்டவில்லை. இந்தச் சான்றைப் புறக்கணிக்க முடியாது. விபத்துகளில் பெரும்பான்மை மனிதத் தவறுகளால் நேர்பவை என்பதும் மெய். ஆயினும், குறுக்கே வந்த காரைத் தவிர்க்க முடியாமல் மோதியவரின் விபத்துக்கு முதன்மைக் காரணம் கார் ஓட்டுநரின் கவனக்குறைவு என்று பதிவாகும்போது, முழுத்திறனுள்ள பிரேக் இருந்திருந்தால் அந்த மோதல் எவ்வளவு மென்மையாகியிருக்கும் என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை. பிறர் செய்யும் தவறிலிருந்து தப்பிக்கக் கிடைக்கும் கடைசி மீட்டர்களைத் தருவது பிரேக்கும் டயரும்தாம் என்பதால், சோதனையின் பக்கமே நியாயம் சாய்கிறது.

தமிழ்நாட்டுக்கு இந்தச் செய்தி அயலானது அன்று. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்து சென்னையில் நிலைபெற்ற ராயல் என்ஃபீல்டு வண்டிகள், ஒரகடம் போன்ற இடங்களிலிருந்து பிரிட்டனுக்கே ஏற்றுமதியாகின்றன. ஒரே ஆலையில் உருவான இரண்டு வண்டிகளில் லண்டனுக்குச் சென்றது மூன்று ஆண்டுகள் முடிந்ததும் சோதனையாளர் முன் நிற்கிறது. சென்னையில் சொந்தப் பயன்பாட்டுக்கு விற்கப்பட்டதோ, 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால், அதைப் புதுப்பிக்கும் வேளையில்தான் முதன்முறையாகத் தகுதி ஆய்வுக்கு வருகிறது. இடையில் கேட்கப்படும் புகைச் சான்று, வண்டி வெளியிடும் வாயுவைப் பற்றியதேயன்றி, வண்டி நிற்குமா என்பதைப் பற்றியது அன்று. ஆட்டோவும் டாக்சியும் லாரியும் குறித்த இடைவெளிகளில் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று காட்டியாக வேண்டிய மாநிலத்தில், சாலையில் மிகுதியாக ஓடும் சொந்த இருசக்கர வாகனங்களுக்கு மட்டும் அந்தக் கடமை 15 ஆண்டுகள் தள்ளிப்போவது சரியன்று. அந்த இடைவெளியைக் குறைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையும் இல்லை. மாலையில் வண்டியை ஒரு சுவரை ஒட்டி நிறுத்தி, கைப்பிடி பிரேக்கையும் கால் பிரேக்கையும் தனித்தனியே பிடித்து, இரண்டுக்கும் சிவப்பு ஒளி சுவரில் விழுகிறதா என்று ஒவ்வொரு வண்டி உரிமையாளரும் இன்றே பார்த்துவிட வேண்டும். டயரின் நடுப்பகுதியில் பட்டன் மிச்சமிருக்கிறதா, டிஸ்க்கின் மேல் எண்ணெய்க் கறை இருக்கிறதா, செயின் தொய்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.